கெடட் அலாக்ஸ் மடக்குக் கத்தி: நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய பின்

சிங்கப்பூரின் ஈஷூனில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் உள்ள சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி இருக்கிறது. கறிவேப்பிலை, வெண்டை, மூலையில் ஒரு வெற்றிலைக் கொடி என அதில் வளர்வன எல்லாம் சிறியவைதாம். ஆயினும் கொடிக்குக் கயிறு கட்டவும், எருப்பையின் தையலைப் பிரிக்கவும், காய்ந்த காம்பை நறுக்கவும் ஒவ்வொரு முறையும் கத்தி தேவைப்படுகிறது. வார நாள்களில் ஜூரோங்கில் ஒரு கிடங்கில் சரக்கு வரவைக் கவனிக்கும் வேலை. அங்கே அட்டைப்பெட்டிகளையும், அவற்றை இறுக்கிய பிளாஸ்டிக் வார்களையும், பேலட்டைச் சுற்றிய மெல்லிய உறையையும் நாள் முழுவதும் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டு இடங்களுக்காகவும் பத்து ஆண்டுகளில் மூன்று மடக்குக் கத்திகளை வாங்கினேன். ஒன்று துருப்பிடித்து இழுப்பறையில் கிடக்கிறது; ஒன்று சமையலறைக்குப் போய்விட்டது; மூன்றாவதாகிய, சுவிட்சர்லாந்து நிறுவனமான விக்டோரினாக்ஸின் கெடட் அலாக்ஸ் நான்கு ஆண்டுகளாக என் வேலைப்பையில் இருக்கிறது. இந்த மதிப்புரை அதைப் பற்றியதுதான் என்றாலும், மற்ற இரண்டையும் சொல்லாமல் இதை ஏன் வைத்துக்கொண்டேன் என்பதை விளக்க முடியாது.

என் பெற்றோர் இதைப் பேனாக்கத்தி என்றே சொல்வார்கள். இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால் ஆங்கிலேயர் வைத்த பெயர் அப்படியே தமிழாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்தது: ஒரு பக்கம் ஓலை வாரும் கத்தி, மறுபக்கம் எழுத்தாணி, இரண்டும் மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக்கொம்பாலோ செய்த ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். பல கருவிகளை ஒரு பிடிக்குள் அடக்கும் எண்ணம் சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு மட்டும் தோன்றியதன்று என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

சிங்கப்பூரில் இந்தப் பொருளை வாங்க நினைப்பவர் முதலில் எஃகைப் பற்றியல்ல, சட்டத்தைப் பற்றியே யோசிக்க வேண்டும்; எந்தக் கத்தி என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். சட்டப்படியான அதிகாரமோ நோக்கமோ இல்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதத்தை வைத்திருப்பது, 3 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனைக்கும் குறைந்தது 6 பிரம்படிகளுக்கும் உரிய குற்றம். ஆயுதம் என்ற சொல்லுக்கு, இந்தக் குற்றத்தை வரையறுக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பொருளும் விரிவானது: தாக்கப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் அதற்குள் வந்துவிடும். பிரிட்டனில், விரித்த அலகை நிலைநிறுத்தும் பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமலேயே வைத்திருக்கலாம். அங்குள்ளவர்கள் எழுதும் மதிப்புரைகளைப் படித்துவிட்டு அதே அளவு இங்கும் காப்பாற்றும் என்று நம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியொரு சலுகை அளவு இங்கே இல்லை. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்தி, கையை உதறினால் விரியும் கத்தி, இரண்டாகப் பிளந்து திறக்கும் வண்ணத்துப்பூச்சிக் கத்தி ஆகியவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

ஆகவே, அமெரிக்கர்கள் "நாள்தோறும் சட்டைப்பையில்" என்று சொல்வதை நான் "வேலை உள்ள நாளில் வேலைப்பையில்" என்று திருத்திக்கொண்டேன். தோட்டக் கையுறை, சணல் கயிறு, கத்தி மூன்றும் ஒரே துணிப்பைக்குள் இருக்கும்; பெருவிரைவு ரயில் நிலையத்தில் பையைத் திறந்துகாட்டச் சொன்னால், அது எதற்கானது என்பதை நான் விளக்குவதற்கு முன்பே பை சொல்லிவிடும். தேக்காவில் இரவு உணவுக்குப் போகும்போதும், தீபாவளி நெருக்கத்தில் சிராங்கூன் சாலைக்குப் போகும்போதும் கத்தி வீட்டில்தான் இருக்கும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாதவர், கத்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை வாங்காமல் இருப்பதே மேல். கத்திச் சட்டங்கள் பல நாடுகளில் இறுகிவருவதால், வெட்டும் அலகே இல்லாத பல்பயன் கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக விக்டோரினாக்ஸ் நிறுவனமே 2024இல் அறிவித்ததை இங்கே நினைவில் கொள்ளலாம்.

அடுத்தது ஈரம். இந்தத் தீவில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலுக்குச் சற்று முன் அது 90ஐயும் தாண்டும். அதோடு வியர்வையின் உப்பும் சேர்ந்தால், குளிர்நாட்டில் இருபது ஆண்டு உழைக்கும் எஃகு இங்கே ஒரே பருவத்தில் தன் குணத்தைக் காட்டிவிடும். என் முதல் கத்தி அப்படித்தான் போனது. இணையத்தில் வாங்கிய அந்தக் கத்திக்குக் கறுப்புப் பிடி, கட்டைவிரலால் தள்ளினால் விரியும் அகன்ற அலகு, டி2 என்ற எஃகு. விற்றவர் தந்த விவரத்தில் துருப்பிடிக்காத எஃகு என்றே எழுதியிருந்தது. டி2 எஃகில் குரோமியம் ஏறத்தாழ 12 விழுக்காடு இருப்பது உண்மைதான். ஆனால் அதில் கரிமம் ஒன்றரை விழுக்காடு அளவுக்கு இருப்பதால், குரோமியத்தின் பெரும்பங்கு கரிமத்தோடு சேர்ந்து கடினமான துகள்களாகிவிடுகிறது. எஃகின் மேற்பரப்பில் துருவைத் தடுக்கும் மெல்லிய படலத்தை உண்டாக்க எஞ்சியிருப்பது போதுமானதாக இல்லை. டிசம்பர் மழையில் மூன்று வாரம் பையில் கிடந்த கத்தியைத் திறந்தபோது, கீலைச் சுற்றி மாம்பழத் தோலின் புள்ளிகளைப் போலப் பழுப்புத் தடங்கள் இருந்தன. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். எண்ணெய் பூசுங்கள் என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. அறிவுரை தவறில்லை, வாங்குவதற்கு முன் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கத்தியை முழுவதும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 60ஐத் தொடும் எஃகு அது. நாள் முழுவதும் அட்டை வெட்டினாலும் மாலையில் கூர் அப்படியே இருக்கும். கெடட்டின் அலகோ 56தான். கத்தி சேர்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்தே உதட்டைப் பிதுக்குவார்கள். எண் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது பாதிக் கதைதான். மிகக் கடினமான எஃகின் கூர் கெட்டியான பொருளில் பட்டால் சில்லுச் சில்லாகப் பெயரும். சற்று மென்மையான எஃகின் கூரோ மடங்கும். மடங்கியதை ஐந்து நிமிடத்தில் கல்லில் நிமிர்த்திவிடலாம். பெயர்ந்ததைச் சரிசெய்ய அலகையே தேய்த்துக் குறைக்க வேண்டும். கெடட்டில் உள்ள எஃகில் கரிமம் அரை விழுக்காட்டை ஒட்டியும் குரோமியம் 14 விழுக்காட்டை ஒட்டியும் இருப்பதால், குரோமியத்தின் பெரும்பகுதி துருவைத் தடுக்கும் வேலைக்கே கிடைக்கிறது. கூர் நிலைப்பதையும் துருவாமையையும் ஒருசேர வேண்டுவோருக்கு எல்சி200என் போன்ற நைட்ரஜன் கலந்த எஃகுகள் உள்ளன. ஸ்பைடர்கோ நிறுவனம் கடல்நீரில் பயன்படுத்தும் கத்திகளுக்கு அதைக் கையாளுகிறது. படகிலோ மீன்பிடிப்பிலோ இருப்பவருக்கு அந்த விலை நியாயமாகலாம், பெட்டி பிரிக்கிற எனக்கு ஆகாது.

இரண்டாவது கத்தி ஒப்பினல் எண் 8. இதை எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி அது. உருண்ட பீச் (beech) மரப்பிடி, மெல்லிய அலகு, கழுத்தில் ஒரு வளையம். 1955இல் சேர்க்கப்பட்ட அந்த வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். எண் 8இன் அலகு எட்டரை சென்டிமீட்டர் நீளம். பின்புறம் மெலிந்திருப்பதால் தக்காளியையும் மாங்காயையும் அறுக்கும்போது சமையலறைக் கத்திகளே இதனிடம் பாடம் கேட்க வேண்டும். ஆனால் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பக்கூடியது. உப்பினால் அலகு பிடிக்குள் இறுகி எளிதில் வெளிவராது. சவாய் நாட்டார் பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டி அலகைக் கிளப்பும் உத்தி இதற்காகவே பழக்கத்தில் வந்தது. கரிம எஃகு அலகு, துருவாத அலகு என இரண்டு வகையில் இது கிடைக்கிறது. இங்கே வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுக்க வேண்டும். கரிம எஃகில் எலுமிச்சையை அறுத்தால் அலகு கறுக்கும், பழத்திலும் இரும்பு வாடை ஏறும். நான் துருவாத வகையைத்தான் வாங்கினேன். ஆனாலும் எட்டரை சென்டிமீட்டர் நீளமும் பூட்டும் கொண்ட ஒன்றை ரயிலில் எடுத்துச் செல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அது அடுப்பங்கரையில் இருக்கட்டும் என்று என் மனைவி முடிவு செய்தார். இன்று அவர்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்.

இனிக் கெடட். ஸ்விஸ் மாநிலமான ஷ்வீஸில் உள்ள ஈபாக் என்னும் சிற்றூரில் கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த நிறுவனம் இதைச் செய்கிறது. 1909இல் இறந்த தாய் விக்டோரியாவின் பெயரைத் தம் நிறுவனத்துக்கு வைத்த அவர்கள், 1921இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் "இனாக்ஸ்" என்ற சொல்லை அதோடு ஒட்டிக்கொண்டார்கள். பெயரின் பின்பாதியே துருவாமை என்பதால், ஈரநாட்டில் அந்தப் பெயரை நம்புவதற்கு ஒரு நூற்றாண்டுக் காரணம் இருக்கிறது.

மடக்கிய நிலையில் 84 மில்லிமீட்டர் நீளம், 46 கிராம் எடை: ஒரு கோழிமுட்டையை விட இலேசானது. சட்டைப்பையில் போட்டாலும் பையை இழுக்காது. பிடியின் இருபுறமும் புடைப்பு வேலைப்பாடு செய்து, மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியத் தகடு; அதைத்தான் அலாக்ஸ் என்கிறார்கள். மரம்போல் உப்பாது, பிளாஸ்டிக்போல் விழுந்தால் விரிசல் விடாது. உள்ளே ஓர் அலகு, நக அரம், டின் திறப்பான், போத்தல் திறப்பான் ஆகியவை இரண்டே அடுக்கில் அடங்கியிருக்கின்றன. திறப்பான்களின் முனைகள் திருப்புளியாகவும் உதவும். எங்கள் கிடங்கில் தேநீர் போடும் மூலையில் கெட்டிப்பால் டின்னைத் திறக்க வேண்டியவர்கள் என்னைத் தேடி வருவார்கள். இதன் டின் திறப்பான் முன்னோக்கித் தள்ளி அறுப்பது என்பதை முதல் டின்னிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். பின்னோக்கி இழுத்துப் பழகியவர்கள் கருவியைக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள்.

பெட்டிகளின் ஒட்டுநாடாவை நான் அலகால் வெட்டுவதில்லை. நாடாவின் பசை அலகில் படிந்தால் அடுத்துப் பழம் அறுக்க முடியாது. டின் திறப்பானின் சிறு முனையால் கீறினாலே நாடா பிளந்துவிடும், உள்ளே இருக்கும் பொருளுக்கும் கீறல் விழாது. அலகு வார்களுக்கும் கயிற்றுக்கும் கொடிக்கும் மட்டும். ஆறு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் அந்த அலகு போதவில்லை என்று நான்கு ஆண்டுகளில் நான் நினைத்தது தர்பூசணி முன்னால் மட்டும்தான்.

இதில் பூட்டு இல்லை. அலகை விரித்த நிலையில் நிறுத்துவது பிடியின் முதுகில் உள்ள வில்பட்டை ஒன்றே. அறுக்கும்போது விசை அலகைத் திறந்த நிலையிலேயே அழுத்திவைக்கும் என்பதால் வெட்டுவதற்குப் பூட்டு தேவைப்படுவதில்லை. முனையால் குத்தினாலோ, மூடியை நெம்பினாலோ, முதுகால் தட்டினாலோ அலகு விரல்மீது மடங்கும். இந்த மூன்றையும் மடக்குக் கத்தியால் செய்யவே கூடாது என்பது என் கருத்து; பூட்டு இருக்கிறதே என்ற துணிச்சலில் அவற்றைச் செய்து கையைக் கிழித்துக்கொண்டவர் எங்கள் கிடங்கிலேயே உண்டு. கயிறு அறுக்கும் கருவியாக மட்டுமே தோன்றும் ஒன்றை, அவ்வாறே தோன்றும்படி வைத்திருப்பதிலும் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது.

வாங்கும்போது பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்கிவந்துவிடக் கூடாது. ஜாலான் புசார் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக்கடையில் நான் வாங்கினேன். கடைக்கார அங்கிள் ஒரே மாதிரியில் மூன்றை எடுத்து முன்னால் வைத்தார். முதலில் ஒவ்வொன்றையும் மெதுவாக விரித்து மூடிப் பார்த்தேன். விரியும் கடைசிக் கணத்திலும் மூடும் கடைசிக் கணத்திலும் சொடுக்கு தெளிவாகக் கேட்க வேண்டும். மந்தமாக நகர்ந்தால் வில்பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு அலகை விரித்து, நுனியைப் பிடித்து இடவலமாக அசைத்துப் பார்க்க வேண்டும்; ஆட்டம் இருக்கக் கூடாது. மூடிய கத்தியை விளக்குக்கு நேரே பிடித்தால் அலகு இரண்டு தகடுகளையும் உரசாமல் நடுவில் படுத்திருப்பது தெரியும். விரல்நுனியை அலகு மடங்கி நுழையும் பக்கத்தில் ஓட்டும்போது அலகின் முனை தட்டுப்பட்டால் அந்தக் கத்தி நாளை பையின் துணியைக் குத்தும். மூன்றில் ஒன்று சொடுக்கில் மற்றவற்றை வென்றது. அதற்கு அறுபது சிங்கப்பூர் வெள்ளியை ஒட்டிக் கொடுத்தேன். அலகின் அடியில் நிறுவனப் பெயரின் முத்திரை கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது, ஏனெனில் இந்தக் கத்திகளுக்குப் போலிகள் ஏராளம்.

பராமரிப்பு மிகக் குறைவு. மண்ணோ பழச்சாறோ பட்டால் வெந்நீரில் விரித்துப் பிடித்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, கீலில் ஒரு சொட்டு எண்ணெய். எந்த எண்ணெய் என்பதில்தான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. அம்மா சொன்னபடி முதல் ஆண்டு தேங்காயெண்ணெய் விட்டேன். அது காலப்போக்கில் கெட்டு, தூசியைப் பிடித்துக்கொண்டு பசையாகியது, சொடுக்கும் மந்தமாகியது. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெடுவதில்லை, உணவில் பட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு சிறு போத்தல் நான்கு ஆண்டுகளாகத் தீரவில்லை.

சாணை பிடிப்பதற்கு வெளியே கொடுக்க வேண்டியதில்லை. நுண்மை எண் ஆயிரம் கொண்ட, தண்ணீரில் நனைத்துத் தீட்டும் ஒரு கல் போதும். அலகைக் கல்லில் படுத்தி, முதுகை அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தூக்கினால் ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு கிடைக்கும். கெடட்டின் அலகுக்கு அது 4 மில்லிமீட்டர் அளவு. அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கம் தீட்டி, எதிர்ப்பக்கத்தில் மயிரிழையளவு பிசிர் தட்டுப்படும்போது திருப்பித் தீட்ட வேண்டும். கல் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையின் அடியில், மெருகு பூசாத வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தாலே கூர் திரும்பிவிடும். கிடங்கு வேலைக்கு நான் மாதம் இருமுறை இதைச் செய்கிறேன். டி2 கத்தியாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. நகத்தால் இழுத்துத் திறக்கும் கத்தி இது. நகத்தை ஒட்ட வெட்டியவருக்கும், மண்கையோடு இருப்பவருக்கும், ஒரு கையில் ஏணியைப் பிடித்திருப்பவருக்கும் எரிச்சலூட்டும். பிடி மெலிந்திருப்பதால் பெரிய கை உடையவர்கள் அழுத்தி வெட்டும்போது உள்ளங்கையில் விளிம்பு உறுத்தும். கத்தரிக்கோல் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை, என் மகளுக்குப் படுகிறது. வண்ணம் ஏற்றிய பிடிகள் சாவிக்கொத்தோடு உரசினால் கீறல் விழுந்து வெள்ளை தெரியும் என்பதால், நிறம் வேண்டாம், வெள்ளி நிறமே எடுங்கள் என்று அங்கிள் சொன்னதைக் கேட்டேன். இன்னொன்று குறையன்று, எச்சரிக்கை: சாங்கியில் விமானம் ஏறும் நாளில் இதைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட வேண்டும்.

சென்ற மாதம் என் மைத்துனர் இதைப் பார்த்துவிட்டுத் தமக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவருக்கு அலுவலக வேலை. இணையத்தில் வாங்கும் பொட்டலங்களை வீட்டில் பிரிப்பதைத் தவிர வேறு தேவை இல்லை. அதே நிறுவனத்தின் 58 மில்லிமீட்டர் கிளாசிக்கை வாங்கி, வாசல் நிலைக்குப் பக்கத்தில் உள்ள ஆணியில் மாட்டிவைக்கச் சொன்னேன். அதில் சிறு கத்தரிக்கோலும் இருக்கிறது. அது அந்த ஆணியை விட்டு இதுவரை வெளியே போனதில்லை என்கிறார்.